ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிக்கலாமா, கூடாதா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒருவர் எழுப்பிய கேள்வி:

“மருத்துவச் சொற்களைத் தெரிந்துகொள்வதால் நோயாளிக்கு என்ன லாபம்? பயம்தான் மிச்சம். அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். 58 சதவீதம் என்று இருந்தது. இதயம் பாதிதான் ஓடுகிறது என்று வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு நார்மல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உறையைப் பிரிக்காமல் டாக்டரிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.”

8 அக்டோபர் 2024, இரவு 9.15

மறுக்கிறேன். முதலில் அந்த 58.

இ.எஃப். என்பது நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் அல்ல. இதயத்தின் இடது கீழறையில் நிறைந்திருக்கும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை பங்கு வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு அது. ஓட்டப்பந்தய வீரனின் இதயம்கூட அறையை முழுக்கக் காலி செய்வதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40-க்குக் கீழே இறங்கினால் தள்ளும் திறன் நன்றாகவே குறைந்துவிட்டது என்பார்கள். உங்கள் அப்பாவின் 58 நல்ல எண்.

இதை அந்த உறையைக் கையில் கொடுத்தவர் ஒரு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். சொல்ல ஆளில்லாத குறைக்கு, படிப்பதையே நிறுத்தச் சொல்கிறீர்கள். 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் பெருகிய மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் நானும் இருந்தேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்யும் வேலை. பிறகு ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு. இந்தச் சொற்களோடுதான் என் பிழைப்பு. அவற்றை நோயாளியிடமிருந்து மறைத்து யாரும் நலம் பெற்று நான் பார்க்கவில்லை.

8 அக்டோபர், இரவு 10.02

ஒன்று விட்டுப்போயிற்று. எக்கோ பேச்சு வந்தால் “ஹார்ட் ஃபெயிலியர்” கூடவே வரும். இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை, அதனால் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் பொருள். மாத்திரையோடும் உப்புக் கட்டுப்பாட்டோடும் பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, தேங்கும் நீர். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லின் பொருள் தெரியாதவர் எடை பார்க்கவும் மாட்டார், பார்க்கச் சொன்னது எதற்கென்று புரிந்துகொள்ளவும் மாட்டார்.

10 அக்டோபர், காலை 6.50

தாம்பரத்து வாசகர் மருத்துவச் சொற்களின் பட்டியல் கேட்கிறார். சொல்லின் வாலைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். “-ஐட்டிஸ்” என்று முடிந்தால் அழற்சி. “-எக்டமி” என்றால் வெட்டி எடுத்துவிடுதல். “-ஆஸ்டமி” என்றால் திறப்பு ஒன்று வைத்தல். “-ஸ்கோப்பி” என்றால் குழாய் விட்டுப் பார்த்தல். “-பிளாஸ்டி” என்றால் சீரமைத்தல். தலையில் “ஹைப்பர்” வந்தால் கூடுதல், “ஹைப்போ” வந்தால் குறைவு. கடைசி இரண்டும் காதில் ஒன்றுபோல விழும், பொருளோ நேரெதிர். போனில் கேட்டதை நம்பாமல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பட்டியல் போதும். நான் பேச வந்தது வேறு. இந்த நீளச் சொற்களால் கெடுதல் அதிகம் வருவதில்லை. “கோலிசிஸ்டெக்டமி” என்று எழுதியிருந்தால் யாரும் தெரிந்ததாக நினைப்பதில்லை. கேட்டுவிடுகிறார்கள், பித்தப்பையை எடுப்பது என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பவை நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சொற்கள். டென்ஷன். கேஸ். அலர்ஜி. நெகட்டிவ். ஸ்டேஜ். இவற்றை யாரும் கேட்பதில்லை.

“ஹைப்பர்டென்ஷன்” என்றால் உயர் ரத்த அழுத்தம். நம் ஊரில் டென்ஷன் என்றால் மனப் பதற்றம். விளைவு என்ன? “நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், பெண்ணுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது, எனக்கு என்ன டென்ஷன், மாத்திரை எதற்கு” என்று நிறுத்திவிடுகிற பெரியவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. மனம் அமைதியாக இருப்பவருக்கும் ரத்த அழுத்தம் 170 இருக்கும். தலை வலிக்காது, சுற்றாது, எதுவும் தெரியாது. ஒரு நாள் வாய் கோணும், கை தொங்கும். டிஸ்சார்ஜ் சம்மரிகளில் இதை “எஸ்.எச்.டி.என்.” என்று நான்கு எழுத்தில் முடித்திருப்பார்கள். அந்த நான்கு எழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

10 அக்டோபர், காலை 7.05

“அக்யூட்”, “கிரானிக்” பற்றிக் கேட்டவருக்கு: திடீரென்று வந்தது, நெடுநாளாக இருப்பது. இரண்டும் காலத்தைச் சொல்கின்றன, கடுமையை அல்ல. சளிக்காய்ச்சலும் அக்யூட்தான்.

15 அக்டோபர், மாலை 4.30

மழை விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிந்தபின் வரப்போவது டெங்கு என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஒரு பரிசோதனைக்கூடம் லட்சத்தில் எழுதும்: 1.4. இன்னொன்று ஆயிரத்தில்: 140. இரண்டும் ஒன்றே. காலையில் ஓரிடத்தில் 1.4, மாலையில் வேறிடத்தில் 138 என்று வந்தால், நூறு மடங்கு ஏறிவிட்டது என்று மகிழ்ந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அழுத குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். எண்ணின் வலப்பக்கம் சிறிய எழுத்தில் அலகு இருக்கும். அதை முதலில் படியுங்கள். இயல்பு 1.5 முதல் 4.5 லட்சம்.

“என்.எஸ்.1 நெகட்டிவ், அப்படியென்றால் டெங்கு இல்லைதானே?” இப்படிச் சொல்லிக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியவர் உண்டு. அந்தப் பரிசோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் சரியாகப் பிடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்றால் “இந்தப் பரிசோதனையில், இந்த நாளில், தென்படவில்லை”. அதற்கு மேல் அந்தச் சொல்லால் உறுதி தர முடியாது.

இன்னொரு சொல், தமிழ்ச் சொல்லே: காய்ச்சல் விட்டுவிட்டது. மற்ற காய்ச்சல்களில் அது நல்ல சேதி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல், பிள்ளை துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும், உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் குழந்தை, காய்ச்சல் விட்ட அன்று மாலை சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, டிவியில் பிடித்த கார்ட்டூன் ஓடியும் பார்க்காமல் இருந்தது. அதன் பாட்டி அதைக் கவனித்து, “இது களைப்பு இல்லை” என்று தூக்கிக்கொண்டு ஓடினாள். பிழைத்தது. அந்தப் பாட்டிக்குப் பிளேட்லெட் என்ற சொல்கூடத் தெரியாது.

வில்லிவாக்கத்தார் இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளட்டும். சொல் தெரிந்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

16 அக்டோபர், இரவு 11.20

கேஸ் டிரபிள். நம் மாநிலத்தில் இதைப்போல ஆளைக் கொன்ற சொல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

நெஞ்சு எரிகிறது, மேல்வயிறு அடைக்கிறது, ஏப்பம் வந்தால் சரியாகும் போலிருக்கிறது. சோடா குடி, ஓமவாட்டர் குடி, மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போடு. மாரடைப்பும் இப்படித்தான் வரும். வியர்த்து ஊற்றினால், வலி தாடைக்கோ இடக்கைக்கோ முதுகுக்கோ போனால், மூச்சு வாங்கினால், அது வாயுவா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரலாம். 108-ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சிறிது நேரம் விட்டு மறுபடி எடுப்பதும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வதும் வழக்கம். “அதான் ஒருமுறை எடுத்தாயிற்றே” என்று சண்டை போடாதீர்கள்.

2023 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் “இதயம் காப்போம்” திட்டத்தின்கீழ், மாரடைப்பு என்று தெரிந்தவுடன் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லை என்று வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

என் சித்தப்பா கேஸ் என்று சொல்லிக்கொண்டே போனார். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

20 அக்டோபர், பகல் 12.10

மருந்துச் சீட்டு. ஓ.டி. ஒரு நாளைக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை, எச்.எஸ். படுக்கப்போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். இவை லத்தீன் சுருக்கங்கள். கண் மருத்துவத்தில் ஓ.டி. என்றால் வலது கண். எழும்பூர் கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும் எத்தனை பேர் கண் சீட்டையும் மற்ற மருந்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1-0-1 என்று எழுதுவது இவற்றைவிட எவ்வளவோ மேல். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. படிக்காதவருக்கும் புரியும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. கிறுக்கல் சீட்டு வந்தால் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எஸ்.ஓ.எஸ். என்பதை மூன்று வேளையும் போட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்குத் தரும்போது வாரத்துக்கு ஒருமுறைதான். மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால், அட்டையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள். இன்றே.

கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் மீதித் துண்டில் போய்விடுகின்றன. தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

20 அக்டோபர், பகல் 12.40

குரோம்பேட்டை வாசகருக்கு: ஆன்டிபயாட்டிக் போட்டு வயிற்றுப்போக்கு வந்தது பக்கவிளைவு. தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அலர்ஜி. எல்லாவற்றையும் அலர்ஜி என்று சொல்லிவைத்தால், பின்னொரு நாள் உயிர் காக்கும் மருந்தையே தராமல் விடுவார்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பெயரை டாக்டர் வைக்கட்டும்.

27 அக்டோபர், இரவு 8.45

வேளச்சேரியிலிருந்து ஒரு பெண் எழுதியதைப் படித்தபின் வில்லிவாக்கத்தார் சொன்னதை மறுபடி யோசிக்கிறேன். அவருடைய அம்மாவின் மார்பக ஸ்கேன் ரிப்போர்ட்டில் “பைராட்ஸ் 3”. சனிக்கிழமை மாலை கையில் வந்தது. டாக்டர் திங்கள்தான். மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு, அம்மா நகைகளைப் பிரித்து யாருக்கு எது என்று சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

பைராட்ஸ் எண் நோயின் கட்டம் இல்லை. படத்தைப் பார்த்தவர் எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்பதற்கான வகைப்பாடு. 1 ஒன்றுமில்லை; 2 தீங்கற்றது; 3 பெரும்பாலும் தீங்கற்றது, புற்றாக இருக்க வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கு மேல் இல்லை, ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்; 4 சந்தேகம், பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதிப்பது) வேண்டும்; 5 பெரிதும் புற்றாகவே தெரிகிறது. 0 என்று வந்தால் சுழியம் என்று நிம்மதி அடையக் கூடாது. படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்று பொருள்.

எண் போட்ட எல்லாமே இந்தத் தொல்லைதான். புற்றுநோயில் ஸ்டேஜ் என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது; கிரேடு என்பது செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன. “கிரேடு 1 ஃபேட்டி லிவர்” என்றால் கல்லீரலில் லேசான கொழுப்பு. சிறுநீரகத்தில் ஸ்டேஜ் 3 என்றால் வடிகட்டும் திறன் 30 முதல் 59 வரை. டயாலிசிஸுக்கு இன்னும் வெகுதூரம், பலருக்கு அது வராமலே போகும். ஒரே “மூன்று”, மூன்று இடத்தில் மூன்று பொருள்.

சனி மாலையிலிருந்து திங்கள் காலை வரை அந்த வீடு பட்ட பாட்டைப் படித்தால் உறையைப் பிரிக்காமல் இருந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பிரிக்காமலே வைத்து, நல்லதாகத்தான் இருக்கும் என்று அலமாரியில் போட்டு, ஆறு மாதம் கழித்து 4-ஐயும் 5-ஐயும் கொண்டுவருகிறவர்களை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் எந்த நாளும் பார்க்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் படிக்கத்தான் சொல்வேன். ஆனால் தனியாக, ராத்திரியில் வேண்டாம்.

கீழே ஒருவர் “பயாப்ஸி செய்தால் பரவும், கத்தி படக் கூடாது” என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். ஊசியால் எடுத்துப் பார்க்காமல் எந்த வகைக் கட்டி என்று சொல்ல முடியாது, சொல்லாமல் மருந்து தர முடியாது. இந்த நம்பிக்கையால் வீட்டில் உட்கார்ந்து நாளைக் கடத்தியதுதான் பலரைக் கொண்டுபோனது.

3 நவம்பர், காலை 9.30

மயிலாப்பூரிலிருந்து ஒரு வேடிக்கை: டிஸ்சார்ஜ் சம்மரியில் “ஏ.ஜி.இ.” என்று இருந்ததாம். “வயதை எழுதும் இடத்தில் எண்ணையே போடவில்லை, இவ்வளவு பணம் வாங்குகிறார்கள்” என்று மாமா கவுன்ட்டரில் போய்க் கேட்டிருக்கிறார். அது திடீர் வாந்தி பேதி, அக்யூட் கேஸ்ட்ரோ என்டரைட்டிஸ் என்பதன் சுருக்கம். மாமா கேட்டது நல்ல காரியம். அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

12 நவம்பர், இரவு 10.10

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்துவிட்டு, தடித்த எழுத்தில் இரண்டு எண்கள் வந்ததற்காகக் கலங்குகிறவர்களுக்கு. இயல்பு வரம்பு எப்படி வருகிறது? நலமாக இருக்கும் பலரைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரை வரம்பாக வைக்கிறார்கள். அப்படியானால் நலமாக இருப்பவரிலேயே இருபதில் ஒருவர் வெளியே விழுவார். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது வரம்பு தாண்ட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மயிரிழையில் தாண்டிய எண்ணும் இரண்டு மடங்கான எண்ணும் தாளில் ஒரே தடிப்பில்தான் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.1, வரம்புக்குள், தடித்த எழுத்து இல்லை. எழுபத்தைந்து வயதில், மெலிந்த உடம்புள்ள பாட்டிக்கு அது சிறுநீரகம் பாதியளவுக்குக் குறைந்திருப்பதைக் காட்டலாம், ஏனென்றால் தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகவே உருவாகும். வயதைக் கணக்கில் எடுத்து வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். என்ன என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்; ஒற்றை எண்ணைவிட மூன்று ஆண்டின் எண்கள் வரிசையாக இருந்தால் டாக்டருக்கு அதிகம் தெரியும்.

2 டிசம்பர், இரவு 11.45

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். கோமாவையும் மூளைச்சாவையும் ஒன்றாகக் கருதி ஒருவர் எழுதியதால் எழுதுகிறேன்.

கோமாவில் இருப்பவருக்கு மூளை உயிரோடு இருக்கிறது. சிலர் மீள்வார்கள். மூளைச்சாவில் மூளைத் தண்டு உட்பட எல்லாம் நிரந்தரமாக நின்றுவிட்டது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதயம் சில காலம் தானே துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும். தாய் கையைப் பிடித்துப் பார்ப்பாள், சூடு இருக்கும். அவளிடம் போய் உங்கள் மகன் இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். அந்த அறைக்கு வெளியே பதிவேட்டோடு நான் நின்றிருக்கிறேன். “கை சூடாக இருக்கிறதே ஐயா” என்பதைத் தவிர அந்த அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை. டாக்டர் அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மெஷினை நிறுத்திச் சிறிது நேரம் பார்த்தபோதும் தானாக மூச்சு வரவில்லை என்பதை அதே சொற்களில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி ஒருவர் சொல்லி முடிவதில்லை. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். “உறுப்புக்காக அவசரமாக முடித்துவிடுவார்கள்” என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2008-ல் ஒரு மருத்துவத் தம்பதி விபத்தில் போன தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்தது இந்த மாநிலத்தையே அசைத்தது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடையாளரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் கோமா என்று நினைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு எதுவானாலும் அது பின்னால் அவர்களை வாட்டும்.

9 டிசம்பர், காலை 7.20

கடைசியாக வந்த கேள்வி: எச்.பி.ஏ.1.சி. 6.1, “ப்ரீ டயாபட்டிஸ்” என்று எழுதியிருக்கிறது, சர்க்கரை நோயா இல்லையா?

இன்னும் இல்லை. சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண் அது. 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எல்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்த எல்லையில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களிடம் நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4. நடந்தவர்கள் மாத்திரைக்காரர்களுக்குச் சளைக்கவில்லை.

ரத்தசோகை இருந்தால் இந்த எண் பிசகும். ஹீமோகுளோபினையும் சேர்த்துக் காட்டுங்கள். இரவுச் சோற்றில் பாதியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைக்கூடத்தில் மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் கொண்டுபோங்கள்.